கட்டைவிரல் அக்கா

முழங்காலிட்டு, வலது உள்ளங்கையைப் பவுலிங் ஹாலின் மரத்தளத்தின்மேல் வைத்து, பந்து விடும் கோட்டிலிருந்து முன்னோக்கி மெல்லத் தடவிக்கொண்டே போகிறார் அக்கா. ஒரு லேன் முடிந்ததும் அடுத்த லேன். மொத்தம் எட்டு. விளக்குகள் பாதிதான் எரிகின்றன. வாசல் இன்னும் திறக்கவில்லை. நான் மட்டும் கண்ணாடிக் கதவைத் தட்டி உள்ளே வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஐந்தாவது லேனில் அவருடைய கை நின்றது. அதே இடத்தை விரல் நுனியால் நாலு தடவை தொட்டுப் பார்த்தார். "இங்க பாருங்க தம்பி, நேத்து சாயங்காலம் ஒருத்தன் பந்தைப் போட்டிருக்கான். உருட்டல. போட்டிருக்கான்" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

பவுலிங் என்றதும் கிரிக்கெட் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது மூன்று துளை போட்ட கனத்த பந்தை வழவழப்பான தளத்தில் உருட்டிவிட்டு, அறுபது அடி தள்ளி நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு. சாய்ந்த கட்டைகளை அள்ளி மறுபடி நிறுத்தவும், போன பந்தைத் திருப்பி அனுப்பவும் லேன்களின் கோடியில் எட்டு இயந்திரங்கள் இருக்கின்றன. அந்த எட்டுக்கும் மெக்கானிக், வைத்தியர், மாமியார் எல்லாமே அக்காதான். பத்தொன்பது வருஷமாக அவற்றைத் திட்டித் திட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் வேலை செய்யும் இடம் இயந்திரங்களுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும். கையில் எண்ணெய்த் துணி, இடுப்பில் ஸ்பேனர், கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் காதுமூடி. நிர்வாகம் கொடுத்த காதுமூடியைக் காதில் மாட்டாமல் கழுத்தில் மாட்டியிருக்கிறாரே என்று ஒருநாள் கேட்டேன். "காதை மூடிட்டா எனக்குக் கண்ணு தெரியாது தம்பி" என்றார். அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு, முன்னால் விளையாடுகிறவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், பந்து தளத்தைத் தொடும் ஓசையை வைத்தே அவர் கை எப்படி விட்டது என்று சொல்லிவிடுவார். சர்ரென்று வந்தால் கட்டைவிரல் முதலில் வெளியே வந்திருக்கிறது, அப்புறம்தான் மற்ற இரண்டு விரல்களும். அது நல்ல கை. டொம்மென்று விழுந்தால் கட்டைவிரல் உள்ளேயே மாட்டிக்கொண்டு கடைசியில் வந்திருக்கிறது. அது அக்காவின் எதிரி.

டொம் கேட்டால் அவரால் சந்துக்குள் இருக்க முடியாது. ஓரத்துச் சின்னக் கதவைத் திறந்துகொண்டு, பக்கவாட்டு நடைபாதை வழியாக முழு நீளமும் நடந்து முன்னால் வந்து, யோசனையே கேட்காத வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று, "கட்டைவிரலைக் காட்டுங்க" என்பார். கிரீஸ் கையோடு ஒரு பெண்மணி வந்து இப்படிக் கேட்டால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். வங்கி அதிகாரி, பல் டாக்டர், தேனிலவுக்கு வந்த ஜோடி எல்லோரும் மறுபேச்சில்லாமல் நீட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று மேனேஜர் இரண்டு முறை எச்சரித்தார். இரண்டு முறையும் அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அதே நாளில் மறுபடி கதவைத் திறந்துகொண்டு வந்தார். கட்டைவிரல் அக்கா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஆட்களை அவர் எடைபோடுவதும் அதை வைத்துத்தான். அக்காவின் மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை முதல் முறை கைகுலுக்கியபோதே அவர் கணக்கை முடித்துவிட்டார். "நல்ல பையன்தான். ஆனா இறுக்கிப் பிடிக்கிற கை. பல் தேய்க்கிற பிரஷ்ஷே அவன் கையில கதறும்." பேக்கரியில் வேலை செய்யும் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் குறை கிடையாது. மாவு பிசைகிற கைக்கு எதை எப்போது விடவேண்டும் என்று தானாகத் தெரியுமாம். என் கையைப் பார்த்துவிட்டு, "பேனா பிடிச்ச கை. எதையும் லேசுல விடாது" என்றார். ஐந்து வருஷமாகப் பயிற்சி கொடுத்தும் என் பந்து ஓரத்துப் பள்ளத்தைத்தான் தேடிப் போகிறது. அதனால் இப்போதெல்லாம் விளையாடுவதை நிறுத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் சொதப்புவதைப் பார்த்து ஆறுதல் அடைகிறேன்.

அப்படி நான் ஆறுதல் அடைந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில்தான் பஸ்காரம்மா வந்தார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். ஐந்து மாதம் முன்பு, வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்கும்போது படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை தகுதிச் சோதனை. அதில் தேறினால் மறுபடி ஸ்டியரிங், இல்லாவிட்டால் இல்லை. கட்டுப் பிரித்த சந்தோஷத்தில் அவர் கணவர், தொழில் டெய்லர், மனைவிக்கு ஒரு பவுலிங் பந்து வாங்கிப் பரிசு கொடுத்திருந்தார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஏற்றப் போகும்வரை இந்த அம்மாள் ஹாலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கண்ணாடிக் கதவு வழியாக மற்றவர்கள் ஆடுவதை வருஷக்கணக்காக ஏக்கத்தோடு பார்த்தவராம். நீல நிறப் பந்து, வெள்ளை வரி ஓடியது. பார்க்கக் கண்ணைப் பறித்தது.

முதல் பந்தே டொம். இரண்டாவதும் டொம். மூன்றாவது, கையைப் பின்னால் வீசும்போதே நழுவி, பெஞ்சை நோக்கி உருண்டு வந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். ஓரத்துக் கதவு திறந்தது.

"கட்டைவிரலைக் காட்டுங்க" என்றார் அக்கா.

பஸ்காரம்மா காட்டினார். விரல் கணு சிவந்து போயிருந்தது. அக்கா முதலில் தளத்துக்காகக் கோபப்பட்டார், பிறகு கையைப் பார்த்துக் கோபத்தை விட்டார், பிறகு பாடம் ஆரம்பித்தார். "பந்தைப் பிடிக்காதீங்க. அது தொங்கட்டும். யாருக்கோ கைகுலுக்கப் போற மாதிரி கையை வைங்க. கட்டைவிரல் கடிகாரத்துல பத்து மணியைக் காட்டணும். கை கணுக்காலைத் தாண்டும்போது கட்டைவிரல் தானா வெளிய வரும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்." கோட்டுக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்காரவைத்து, ஓடி வராமல், வெறுமனே கையை மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆட்டி விடச் சொன்னார். பந்து மறுபடியும் டொம்மென்று விழுந்தது.

"ஹால் பந்து ஒண்ணு எடுத்துப் பாருங்களேன்" என்று நான் பெஞ்சிலிருந்து என் ஞானத்தை உதிர்த்தேன். பஸ்காரம்மா தலையை ஆட்டினார். "வீட்டுக்காரர் ஆசையா வாங்கிக் குடுத்தது. அதை ஓரமா வச்சுட்டு வேற ஒண்ணைத் தூக்கினா அவர் முகத்தை நான் எப்படிப் பாக்கிறது?" அக்காவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு என்னை முறைத்தார். "அளவு குடுத்துத் துளை போட்ட பந்து தம்பி அது. ஊருக்கெல்லாம் பொதுவான பந்தை எடுத்தா கை கெட்டுப்போகும்." நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று ஒரு நாள் நான் சொன்னது சரி என்பதை இங்கே பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் அது அடிக்கடி நடக்கும் விஷயமில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். தினமும் காலை பதினோரு மணிக்கு பஸ்காரம்மா வருவார். தினமும் டொம், அல்லது பின்னால் நழுவல். அக்கா தொண்டை வறளக் கத்துவார். "இறுக்காதம்மா, இறுக்காத. அதென்ன, ஓடிப்போயிடுமா?" நீங்க என்பது நீ ஆகியிருந்தது. "நான் இறுக்கலக்கா, கை தானா இறுக்குது" என்பார் அவர். பத்துப் பந்து போட்டால் முன்கை முழுக்க வலி. சாயங்காலம் ஒரு தம்ளரைத் தூக்கினால் விரல்கள் நடுங்குகின்றன என்றார். அக்காவின் முகத்தில் அந்த மூன்று நாளில் நான் அதுவரை பார்த்திராத ஒரு சோர்வு வந்து உட்கார்ந்தது. அவர் காதை ஏமாற்றிய பந்து இதற்குமுன் கிடையாது.

செவ்வாய்க்கிழமை பஸ்காரம்மா பந்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதம். வெள்ளிக்கிழமைச் சோதனைக்கு வரவில்லை, ஓட்டுநர் வேலைக்குப் பதிலாக வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர் வேலை கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தது.

"டாக்டர் எலும்பைப் பாத்தாரு. நான் என் கையைப் பாக்கத்தான் இங்க வந்தேன்" என்றார். குரல் உடையவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "பாத்துட்டேன். எப்ப பிடிக்கும், எப்ப விடும்னு எனக்கே தெரியல. பின்னாடி ஐம்பது பிள்ளைங்க உக்காந்திருக்கும்கா. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எப்படி ஸ்டியரிங்ல உக்காருவேன்?"

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நாளைக்கு ஒரு நாள் வா. அப்புறம் குடு" என்று மட்டும் சொன்னார். அவர் சந்துக்குள் போனபிறகு, நான்காம் இயந்திரத்துக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திட்டு விழுந்தது முன்பக்கம்வரை கேட்டது.

புதன்கிழமை டெய்லரின் கடைக்கு விடுமுறை. மனைவி பயிற்சி எடுப்பதைப் பார்க்க அவரும் கூடவே வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் டேப், சட்டைப் பையில் துணியில் கோடு போடும் நீல சாக்பீஸ் கட்டி. விடுமுறை நாளிலும் அவை இல்லாமல் வெளியே வந்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும் என்றார். தன் பரிசு விளையாடப்படுவதை முதல் முறையாகப் பார்க்கப் போகிற ஆர்வத்தில் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கடிதம் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

டொம் என்றது முதல் பந்து. டெய்லர் கைதட்டினார், பாவம். அக்கா கைதட்டலைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையைப் பார்த்தார். "அந்தச் சாக்பீஸைக் குடுங்க டெய்லரே."

கட்டியை ஸ்பேனர் முனையால் சுரண்டி, பொடியை விரலில் தொட்டு, பந்தின் கட்டைவிரல் துளைக்குள் சுற்றிலும் தடவினார். "இப்ப ஒண்ணு போடு." போட்டார். டொம். "கையைக் காட்டு." பஸ்காரம்மாவின் கட்டைவிரலை விளக்குக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார் அக்கா. நானும் எட்டிப் பார்த்தேன். விரல் நுனியில் ஒரு நீலப் பொட்டு. மேலே, கணுவின் முதுகில் ஒரு நீலப் பொட்டு. வேறெங்கும் துளி இல்லை. பக்கங்கள் இரண்டும் சுத்தமாக இருந்தன.

அக்கா அந்தக் கையை விட்டார். பிறகு டெய்லரிடம் திரும்பினார். "இதுக்கு அளவு எப்படி எடுத்தீங்க?"

டெய்லருக்குப் பெருமை தாங்கவில்லை. "அவளுக்குத் தெரியக்கூடாதுல்ல, அதான் மத்தியானம் தூங்கும்போது கட்டைவிரலைச் சுத்தி நூலைப் போட்டு எடுத்தேன். கடைக்காரன் ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னான். இருபத்தெட்டு வருஷமா அளவு எடுக்கிறவன்கிட்ட சொல்ற பேச்சா அது? சீட்டுல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"நூல் அளவை அப்படியே குடுத்தீங்களா?"

"அப்படியே குடுப்பாங்களா யாராவது? கால் இஞ்ச் தளர்வு சேர்த்துத்தான் குடுத்தேன். உள்ள மூச்சு விட வேணாமா?"

"கட்டைவிரல் எதுக்குய்யா மூச்சு விடணும்?" என்றார் அக்கா.

நான் இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். அக்கா எங்களுக்கு விளக்கினார். துளை தளர்வாக இருந்தால் பந்து நழுவப் பார்க்கும். நழுவாமல் இருக்க விரல் தானாக மடங்கி உள்ளே முட்டுக்கொடுக்கும். நுனி ஒரு பக்கம், கணு மறுபக்கம். மடங்கிய விரல் நேரத்துக்கு வெளியே வராது. அதனால்தான் டொம். முட்டுக்கொடுக்க மறந்த அன்று பந்து பின்னால் நழுவும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அத்தனை கனத்தையும் ஒரு விரல் இடுக்கிப் பிடித்தால் முன்கை வலிக்காமல் என்ன செய்யும்? "நல்ல கையா இருக்கப்போய்த்தான் இது இவ்வளவு நாள் தாங்கியிருக்கு. வேற கையா இருந்தா முதல் நாளே பந்து என் மேனேஜர் தலையில விழுந்திருக்கும்."

பஸ்காரம்மா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் கை இல்லையாக்கா?"

"இல்லம்மா."

"ஓட்டையா?"

"ஓட்டைதான்."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது. டெய்லர் பதறிப்போய் பக்கத்தில் குந்தினார். "நான்தான் கெடுத்தேனா? நாலு நாளா நீ கை வலிக்குதுன்னு சொன்னதெல்லாம் என்னாலயா?" பஸ்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆனதிலேருந்து எனக்கு நீங்க தைச்ச ஒரு சட்டையாவது உடம்போட நின்னிருக்கா? எல்லாம் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து உள்ள வர்ற மாதிரி. விரலுக்கும் அப்படியே தைச்சிருக்கீங்க." டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார். "நாலு நாளா நான் அழுதது உங்களுக்குத் தெரியாது. இன்னைக்காவது சிரிச்சுக்கிறேன், விடுங்க" என்றார் மனைவி.

கவுண்டரில் இருந்த வெள்ளை டேப்பை எடுத்துவந்து அக்கா துளைக்குள் ஒட்டினார். ஒரு துண்டு. விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. மூன்றாவது துண்டு ஒட்டியதும், விரல் வெளியே வரும்போது டப்பென்று ஒரு சின்ன ஓசை கேட்டது. "இதைத்தான் நாலு நாளா நான் கேட்டிருக்கணும். வரலங்கிறதையே கவனிக்காம இருந்துட்டேன். ஒரு நல்ல கையைப் போய் நாள் முழுக்கத் திட்டிட்டேன்மா. மனசுல வச்சுக்காத" என்றார் அக்கா. இந்த ஐந்து வருஷத்தில் அவர் யாரிடமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த பந்து சர்ரென்று போனது. அவ்வளவுதான், சர். கட்டைகளில் ஏழு விழுந்தன. அதை யாரும் எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன். வரிசையாகப் பத்துப் பந்து, பத்தும் சர். கை வலிக்கிறதா என்று அக்கா ஒவ்வொரு பந்துக்கும் கேட்டார், இல்லை என்று அவர் ஒவ்வொரு பந்துக்கும் சொன்னார். கடைசியில் பஸ்காரம்மா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். என்ன காகிதம் என்று டெய்லர் கேட்டார். பழைய சீட்டு என்று நான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேலை ஓடவில்லை. எனக்கு அங்கே வேலையே கிடையாது, இருந்தாலும் ஓடவில்லை. கவுண்டரில் போன் அடிக்கும்போதெல்லாம் ஓரத்துக் கதவு திறந்தது. பிறந்தநாள் விழாவுக்கு லேன் கேட்டு ஒருத்தர் பேசினார், தவறான எண் ஒன்று வந்தது, அப்புறம் ஹாலின் தண்ணீர் வரி பற்றி யாரோ. அன்று அக்கா இரண்டாம் இயந்திரத்தின் பெல்ட்டைத் திருப்பி மாட்டிவிட்டார். பந்து வரவேண்டிய இடத்தில் வராமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மேனேஜர் எதுவும் கேட்கவில்லை, அவரும் காரணம் தெரிந்தவர்தான். "டேப்பு ஒட்டுனது பந்துக்குத்தானே தம்பி. அங்க ஸ்டியரிங்கு வேறல்ல?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார் அக்கா. கையில் குறை இல்லை என்று நீங்கள்தானே கண்டுபிடித்தீர்கள் என்றேன். "நான் நாலு நாள் தப்பாச் சொன்னவதானே" என்றார்.

மூன்றரை மணிக்கு டெய்லர் பேசினார். போனை மேனேஜர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். கை வலுவை அளக்க இறுக்கிப் பிடிக்கச் சொல்லும் கருவியில் தேறியாயிற்று. மணல் மூட்டை ஏற்றிய வண்டியைப் பின்பக்கமாகவே வளைத்து எடுத்ததில், நிறுத்திவைத்த பீப்பாய் ஒன்றைக்கூடத் தொடவில்லை. திங்கட்கிழமை முதல் வண்டி அவருடையது. அக்கா "சரி" என்றார். இன்னொரு தடவை "சரி சரி" என்றார். அப்புறம் காலணி அலமாரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மேனேஜர் எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹாலுக்கு வெளியே ஹாரன் அடித்தது. கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை ஷெட்டில் விடப் போகும் வழியில் நிறுத்தியிருந்தார் பஸ்காரம்மா. சீருடை மொடமொடவென்று இருந்தது. "ஏறுங்கக்கா, உங்க தெரு வழியாத்தான் போறேன்." அக்காவுக்கும் அப்போதுதான் வேலை முடிந்திருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் ஏறிக்கொண்டேன்.

ஐம்பது சீட்டும் காலியாக இருக்க, அக்கா ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தார். சரிதான், இனிமேல் ஸ்டியரிங்கில் கை எத்தனை மணியைக் காட்ட வேண்டும் என்று பாடம் ஆரம்பித்துவிடும் என்று நினைத்தேன். பஸ்காரம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும், கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துச் சிரித்தார். கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது. அக்கா பையை மடியில் வைத்து, தலையை ஜன்னல் ஓரத்தில் சாய்த்தார். முதல் திருப்பம் வருவதற்குள் வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிப்போயிருந்தார்.